ஓஎஸ் போடணும், படமும் கணக்கும் போகக் கூடாது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் கணினி பார்க்கப் போனால் வாசலிலேயே காதில் விழுவது, "ஃபார்மட் அடிச்சுக் குடுத்துருங்க தம்பி" என்பதுதான். டிஸ்கைத் துடைத்துவிட்டு ஓஎஸ்ஸை, அதாவது விண்டோஸை, புதிதாகப் போடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். என்ன கோளாறு என்று கேட்டால், "என்னமோ ஓடமாட்டேங்குது" என்பார்கள். இப்படி வருகிற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவையே இல்லை. தேவைப்படுகிற பெட்டிக்கும் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. விண்டோஸை இன்று மாலையே இறக்கித் திரும்பப் போட்டுவிடலாம். பேத்தியின் காதுகுத்துப் படத்தை எந்தத் தளத்திலிருந்தும் இறக்க முடியாது.

உங்கள் பெட்டி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். "நிறுத்துங்கள்" என்று எழுதியிருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை, அல்லது விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

இதற்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் ஓடத் தொடங்கும் முன்பே பெட்டி நின்றுவிட்டது. கோப்புகள் ஹார்ட்டிஸ்கில் அப்படியே இருக்கும்.

யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ்தான் இங்கே முதல் சந்தேகம். மானிட்டர் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து விட்டு, மறுபடி சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள்.

டெஸ்க்டாப்பில் மின்விசிறி சுற்றுகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது என்றால் ரேம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகுதான் இதெல்லாம். அதற்கும் அசையவில்லையா? நிறுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பகுதி), மதர்போர்டு சோதனை வீட்டில் செய்யும் வேலை இல்லை. ஆனால் இந்த அறிகுறிக்கு யாராவது "ஃபார்மட் பண்ணணும்" என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.

## கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வருகிறது

எதிலாவது பென்டிரைவ் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிவிடி தட்டு இருந்தால் அதையும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை. ஆன் செய்தவுடன் எஃப் 2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பியில் எஃப் 10. அங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: தேதி சரியா, ஹார்ட்டிஸ்கின் பெயர் தெரிகிறதா.

தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பெரிய வீடு ஆண்டில் பாதி பூட்டிக் கிடக்கும்; கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறந்து ஆன் செய்தால் கணினி ஓடாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய பேட்டரி செத்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் பேட்டரிதான். அது செத்தால் பயாஸ் தன் அமைப்பை மறந்துவிடும்: எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது, டிஸ்கோடு பேசும் சேட்டா முறை ஏஹெச்சிஐயா ரெய்டா என்பதெல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும். பேட்டரியை மாற்றி, தேதி வைத்து, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். அப்போதும் நீலத்திரை வந்தால் சேட்டா முறையை மற்றதற்கு மாற்றிச் சேமித்துப் பாருங்கள். முன்பு எது இருந்ததோ அதில் விண்டோஸ் எழுந்து நிற்கும். தவறானதை வைத்தாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

தேதி சரி, டிஸ்கின் பெயர் தெரியவில்லை. டெஸ்க்டாப் என்றால் சேட்டா கேபிளையும் மின்கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள். எலி கடித்த கேபிளையும் பார்த்திருக்கிறேன், அதனால் முனையோடு விடாமல் முழு நீளத்தையும் பாருங்கள்.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். நிறுத்துங்கள். "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் இந்த நிலையில் மிக ஆபத்தானது. உள்ளே தலை தட்டில் உரசினால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் படம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்படுகிறது. கட்டுரையின் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

டிஸ்க் தெரிகிறது, சத்தமும் இல்லை, ஆனாலும் ஓடவில்லை. விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் கெட்டிருக்கலாம். அடுத்த தலைப்பு உங்களுக்குத்தான்.

## லோகோ வருகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது நீலத்திரை

முதலில் கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரின்டர், வெளி ஹார்ட்டிஸ்க், வெப்கேம், டாங்கிள் எல்லாம். அப்டேட் ஓடுவதாகத் திரையில் எழுதியிருந்தால் ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். பழைய ஹார்ட்டிஸ்கில் அதற்கும் மேலே ஆகும்.

பிறகு பழுதுநீக்கும் நீலப் பக்கத்துக்குப் போக வேண்டும். லோகோ வரும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பது; இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது முறை விண்டோஸ் தானே "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" பக்கம் போகும். அதில் ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே இந்த வரிசையில் போங்கள்:

1. ஸ்டார்ட்அப் ரிப்பேர். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.
2. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு படுத்தது என்றால் இதுதான் மருந்து.
3. சிஸ்டம் ரெஸ்டோர். முன்தேதி ஒன்று பட்டியலில் இருந்தால் அதற்குத் திரும்பலாம். ஆவணங்களைத் தொடாது, அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருள்கள் மட்டும் போகும்.
4. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், அதில் 4. சேஃப் மோடில் திறந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உள்ளே போனதும் வேறெதையும் சரிசெய்ய உட்காராமல் முதலில் கோப்புகளைக் காப்பி எடுங்கள்.

இதற்கு முந்தைய ட்ரபிள்ஷூட் பக்கத்தில் "ரீசெட் திஸ் பிசி" என்று ஒன்று மேலேயே கண்ணைப் பறிக்கும். இப்போது வேண்டாம். அதற்கு நேரம் வரும்.

நீலத்திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்றால் மேலே சொன்ன சேட்டா முறையை முதலில் சந்தேகப்படுங்கள். "மெமரி மேனேஜ்மென்ட்" என்றாலோ, ஒவ்வொரு முறையும் பெயர் மாறி மாறி வந்தாலோ ரேமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்; இரண்டு ரேம் இருந்தால் ஒன்றொன்றாக. கெட்ட ரேமை வைத்துக்கொண்டு புது விண்டோஸ் போட்டால் அதுவும் பாதியில் படுக்கும்.

## 48 இலக்க எண் கேட்கிறது

பிட்லாக்கர். நிறைய பேர் இதைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். டிஸ்கை விண்டோஸ் பூட்டி வைத்திருக்கிறது. பயாஸில் ஏதாவது மாறியதும் "நீ உரிமையாளர்தானா" என்று கேட்கிறது. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நாம் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சாவி அந்தக் கணக்கிலேயே இருக்கும். கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைப் பாருங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். கானாடுகாத்தானில் இருக்கும் லேப்டாப்பை வாங்கி, கணக்குத் திறந்து கொடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கும் மகனாக இருப்பார். ஆச்சிக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. வாங்கிக் கொடுத்தவர், மகள், மருமகன் எல்லாரையும் கேளுங்கள். அலுவலகத்து லேப்டாப் என்றால் அந்த அலுவலகத்தின் ஐடி ஆளிடம்.

சாவி கிடைக்கவே இல்லையா? நிறுத்துங்கள். எந்தச் சர்வீஸ்காரராலும் அதை உடைக்க முடியாது. "ஓப்பன் பண்ணித் தர்றேன்" என்று வாங்குபவர் செய்யப்போவது ஃபார்மட்தான்.

உங்கள் கணினி இப்போது நன்றாக ஓடுகிறதென்றால் இன்றைக்கே அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

## திறக்கிறது, ஆனால் ஆமை வேகம்

"சுலோவா இருக்கு, ஓஎஸ் மாத்திடுங்க" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்.

சி டிரைவ் நிரம்பியிருப்பது முதல் காரணம். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கான டிக்கை மட்டும் எடுத்துவிட்டு அழியுங்கள். அதில்தான் பலர் ஆதார் நகலும் பத்திர நகலும் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, ஆன் செய்ததும் தானே ஓடும் மென்பொருள்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய்த் தேவையில்லாதவற்றை முடக்குங்கள்.

மூன்றாவது ஹார்ட்டிஸ்கே சாகப்போவது. டாஸ்க் மேனேஜரில் ஒன்றுமே ஓடாதபோதும் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி டிஸ்கின் நலத்தைச் சொல்லும். நீல நிறத்தில் "குட்" என்றால் சரி. மஞ்சளில் "காஷன்" என்றால் அன்றே காப்பி எடுங்கள். சிவப்பில் "பேட்" என்றால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு இப்போதே எடுங்கள். மஞ்சள், சிவப்பு டிஸ்கில் விண்டோஸைத் திரும்பப் போடுவது வீண்வேலை.

பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க் நலமாகவே இருந்தாலும், விண்டோஸ் 10, 11 அதில் நொண்டித்தான் ஓடும். அதே விண்டோஸை அதில் திரும்பப் போட்டால் இரண்டு மாதத்தில் அதே புகார். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் பழைய டிஸ்கை அப்படியே அலமாரியில் வையுங்கள். கோப்பு போகாமல் ஓஎஸ் போடும் வழிகளில் இதைவிடப் பத்திரமானது எனக்குத் தெரியாது: பழையதில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, எதை மறந்திருந்தாலும் பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம்.

## காப்பி எடுக்கும்போது விட்டுப்போகிறவை

விண்டோஸ் திறக்கிறது, திரும்பப் போடுவது என்று முடிவாகிவிட்டது. வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்றைச் சொருகுங்கள். அது எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, கல்யாண வீடியோ அங்கேயே மாட்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும்.

"தம்பி, படமெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இல்ல, டெஸ்க்டாப்புலதான் இருக்கு" என்று ஒரு ஆச்சி சொன்னார். டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமும் அப்படியே. சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரில் இருப்பதை முழுதாகக் காப்பி எடுங்கள். வியூ பகுதியில் மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிவிட்டு எடுத்தால் ஆப்டேட்டாவும் சேர்ந்து வரும். தண்டர்பேர்டு அஞ்சல் அங்கேதான் இருக்கிறது. அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு டாக்குமென்ட்ஸில் இருக்கும்.

அதோடு முடியவில்லை.

டேலி என்ற கணக்கு மென்பொருள். கம்பெனியைத் தேர்வு செய்யும் திரையில் டேட்டா எங்கே இருக்கிறது என்ற பாதை தெரியும். டேலிபிரைமில் வழக்கமாக சி டிரைவ், யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா. உள்ளே 10000 போல எண் பெயருள்ள ஃபோல்டர்கள்தான் உங்கள் கடைக் கணக்கு. டேலியின் பேக்அப்பையும் எடுங்கள், அந்த ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள். லைசென்ஸை டேலிக்குள்ளேயே சரண்டர் செய்துவிட்டுத்தான் ஓஎஸ்ஸில் கைவைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பட்டறையாக இருந்தாலும் பலகாரக் கடையாக இருந்தாலும் மார்ச் மாதக் கடைசியில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

தமிழ் எழுத்துருக்கள். அச்சகம், ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்திரிகைக் கோப்பு நூற்றுக்கணக்கில் வைத்திருப்பீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். அந்த எழுத்துருக்களின் பழைய சிடி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

உலாவியின் கடவுச்சொற்கள். குரோமில் கூகுள் கணக்கோடு ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடவுச்சொல் மேலாளரில் ஏற்றுமதி செய்யுங்கள், வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

ஒன்டிரைவ். படத்தின் மேல் மேகச் சின்னம் இருந்தால் படம் கணினியில் இல்லை, மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பியபின் சேர்த்த படங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். எது எங்கே என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

"டி டிரைவில் போட்டுட்டேன், பத்திரம்" என்பார்கள். ஃபார்மட்டுக்குப் பத்திரம்தான். ஆனால் சியும் டியும் ஒரே டிஸ்கின் இரண்டு அறை. டிஸ்க் செத்தால் இரண்டும் போகும். அதுவும் கை தவறி நிறுவல் திரையில் டியை அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நாலைந்து படத்தையும் ஒரு வீடியோவையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடத்துக்கு இழுத்து ஓட்டுங்கள். பாதியில் அறுந்த காப்பி அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

## விண்டோஸ் திறக்கவே இல்லை, கோப்பு உள்ளே மாட்டிக்கொண்டது

வேறு கணினி கைவசம் இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற கருவியால் ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழியும், காலியானதையே எடுங்கள். கெட்ட கணினியில் சொருகி, ஆன் செய்யும்போது பூட் பட்டியலைத் திறவுங்கள்: டெல், லெனோவாவில் எஃப் 12, எச்பியில் எஃப் 9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பென்டிரைவைத் தேர்ந்தால் மின்ட் டிஸ்கைத் தொடாமல் நினைவகத்திலேயே ஓடும். திரையில் "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" என்று ஒரு சின்னம் இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள். கோப்பு மேலாளரில் விண்டோஸ் பகுதியைத் திறந்து, வெளி ஹார்ட்டிஸ்குக்கு இழுத்துவிடுங்கள். விண்டோஸ் சரியாக அணையாததால் "படிக்க மட்டும்" என்று திறந்தால் நல்லதுதான், நமக்குப் படிக்க மட்டுமே வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்கம் வேண்டும்.

அந்த வம்பு வேண்டாமென்றால் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு நல்ல கணினியில் சொருகலாம். லேப்டாப் டிஸ்க் சின்ன கேஸில் அடங்கும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்குக்குத் தனி மின்சாரம் தரும் கேஸ் வேண்டும். சொருகியதும் "ஃபார்மட் செய்ய வேண்டுமா" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல்.

காப்பி நடுவே வேகம் படுத்து, டிஸ்க் முனகத் தொடங்கினால் எல்லாவற்றையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். வேறெங்கும் கிடைக்காததை முதலில்: குடும்பப் படம், கணக்கு, ஸ்கேன் செய்த பர்மாக் காலத்துக் கடிதம். சினிமாவும் பாட்டும் கிடக்கட்டும்.

## எந்த வழியில் திரும்பப் போடுவது

விண்டோஸ் திறக்கிறதா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

திறக்கிறது, ஆனால் கோணல் மாணலாக ஓடுகிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போனால் விண்டோஸ் அப்டேட் வழியே மறுநிறுவல் செய்யும் ஒரு பட்டன் இருக்கிறது. கோப்பு, மென்பொருள், அமைப்பு எல்லாம் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகும். அது இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, விண்டோஸுக்குள்ளிருந்தே செட்அப்பை ஓட்டி, "கோப்புகளும் மென்பொருள்களும் இருக்கட்டும்" என்ற தேர்வைக் கொடுங்கள். என் கணக்கில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சர்வீஸ் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை, ஃபார்மட் அவர்களுக்குச் சீக்கிரம் முடியும்.

மேலே சொன்னது சரிப்படவில்லை. ரீசெட் திஸ் பிசி, அதில் "கீப் மை ஃபைல்ஸ்". உங்கள் பெயர் ஃபோல்டரில் இருப்பது இருக்கும், நீங்கள் போட்ட மென்பொருள் எல்லாம் போகும். சி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டர்களையும் மென்பொருள் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டாவையும் இது காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அதில் கிளவுட் டவுன்லோடா லோக்கலா என்று கேட்கும். கிளவுட் என்றால் 4 ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். மோடம் முகப்பில், கணினி இரண்டாம் கட்டில், நடுவே சுண்ணாம்பும் செங்கல்லுமாக முழங்கை நீளச் சுவர் என்றால் வைஃபை அங்கே வந்து சேர்வதற்குள் பாதியில் அறுந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மோடம் பக்கத்தில் கேபிள் போட்டு வையுங்கள், அல்லது லோக்கலைத் தேர்வு செய்யுங்கள்.

திறக்கவே இல்லை. பென்டிரைவிலிருந்து புதிதாகப் போடுவது. வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை ஓட்டி, 8 ஜிபியாவது உள்ள பென்டிரைவில் ஏற்றுங்கள். கோப்பு போவது பெரும்பாலும் இந்த வழியில்தான், அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

வெளி ஹார்ட்டிஸ்கைப் பிடுங்குங்கள். உள்ளே இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதன் கேபிளையும் கழற்றுங்கள்; கண்ணில் படாததை அழிக்க முடியாது. எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் சி, டி என்று எழுத்து இருக்காது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, 2, 3 என்றுதான் இருக்கும். அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அதனால் எந்த டிரைவ் எத்தனை ஜிபி என்று முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழைய விண்டோஸ் இருந்த பகுதியை ஃபார்மட் செய்யாமல், அழிக்காமல், வெறுமனே தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்தால் பழையது விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டருக்குப் போகும். விண்டோஸ் 11-இன் புதிய நிறுவலில் எல்லாம் அழியும், ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு கட்டம் டிக் கேட்கும். அதைப் பார்த்ததும், காப்பி எடுத்தோமா என்று ஒரு முறை யோசித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

நடுவில் மாட்டும் இடங்கள்:

- டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது: இன்டெல் 11-ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தியதிலும் ஓடும் லேப்டாப்களில் சகஜம். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, "லோடு டிரைவர்" கொடுங்கள்.
- டிஸ்க் ஜிபிடி வடிவம் அல்லது எம்பிஆர் வடிவம், நிறுவ முடியாது என்கிறது: கைவசம் இருக்கும் வழிகாட்டிகள் டிஸ்கைத் துடைக்கச் சொல்லும். துடைத்தால் டியும் சேர்ந்து போகும். வெளியே வந்து, பூட் பட்டியலில் அதே பென்டிரைவை யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு அல்லது அது இல்லாமல், முன்பு தேர்ந்ததற்கு மாறாகத் தேர்ந்து பாருங்கள்.
- இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்கிறது: டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் பயாஸில் அணைந்திருக்கலாம். பழைய பெட்டி என்றால் உண்மையிலேயே ஓடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பதிவு செய்தால் தனிநபர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட்டே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி இடிக்கும்போது இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காலையில் உட்காருங்கள், லேப்டாப் என்றால் சார்ஜர் போட்டபடி. உரிமச் சாவி கேட்டால் "என்னிடம் இல்லை" என்று தாண்டுங்கள். முன்பு முறையாக ஓடிய விண்டோஸ் என்றால் மதர்போர்டை அடையாளம் கண்டு தானே உயிர்பெறும்.

## போட்டாயிற்று, படத்தைக் காணோம்

பதறி எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் இருக்கிறதா பாருங்கள். உள்ளே யூசர்ஸ், பழைய பெயர். அனுமதி இல்லை என்றால் கன்டினியூ கொடுங்கள். இந்த ஃபோல்டர் 10 நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

டி டிரைவே காணவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். பகுதி இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. வலது சொடுக்கி ஓர் எழுத்தைக் கொடுங்கள். "அன்அலொகேட்டட்" என்று கறுப்புப் பட்டையாக இருந்தால் பகுதி அழிந்திருக்கிறது. நிறுத்துங்கள். சுழலும் டிஸ்க் என்றால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு, அதில் எதுவும் எழுதாதவரை. எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே பின்னால் துடைத்துவிடும். உடனே அணைத்துவிட்டுக் கொண்டுபோனாலும் உறுதி சொல்ல முடியாது.

## கோப்பு இருக்கிறது, தமிழ் இல்லை

"திருமண அழைப்பிதழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அங்கங்கே அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. கோப்பு கெடவில்லை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். எழுத்துரு இல்லாததால் விசை அப்படியே தெரிகிறது. காப்பி எடுத்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை வலது சொடுக்கி இன்ஸ்டால் கொடுத்தால் சரி. காப்பி எடுக்கவில்லையா? விண்டோஸ்.ஓல்ட்டுக்குள் விண்டோஸ், ஃபான்ட்ஸ். அதுவும் இல்லையென்றால் அதே எழுத்துரு வைத்திருக்கும் இன்னொரு அச்சகக்காரரிடம் கேளுங்கள். புதிதாக அடிப்பதை ஒருங்குறியில் (யூனிகோட்) அடித்தால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

வைஃபை காணவில்லை என்பவர்கள் கைப்பேசியைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள்; அப்டேட் ஓடி டிரைவர் வந்துவிடும்.

## கோப்பின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்து, பணம் கேட்டு ஒரு கடிதம்

இது ரான்சம்வேர்: கோப்பைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். ஓஎஸ் போடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள். சொருகியிருக்கும் வெளி ஹார்ட்டிஸ்கை உடனே பிடுங்குங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறது. உங்களுடையது இன்று இல்லையென்றால் டிஸ்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு டிஸ்கில் வேலையைத் தொடருங்கள். பின்னால் திறவுகோல் வந்தால் உதவும்.

## ஆளைக் கூப்பிடும்போது

சாதாரண ஓஎஸ் வேலைக்கு உள்ளூர்ச் சர்வீஸ்காரர் போதும். பெட்டியைக் கொடுக்கும்போது எந்த ஃபோல்டரெல்லாம் வேண்டும், டேலி டேட்டா எங்கே, எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். "டேட்டா வேணும்" என்று வாயால் சொன்னது கடைப் பையன் காதுக்குப் போய்ச் சேராது. பழைய டிஸ்கை மாற்றினால் அதைக் கையோடு வாங்கி வாருங்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

டிக் டிக் சத்தம், கீழே விழுந்த டிஸ்க், இடியில் கருகியது: இவை உள்ளூர் வேலை இல்லை. மதுரை, திருச்சி, சென்னை போன்ற ஊர்களில் டேட்டா ரெகவரி மட்டுமே செய்பவர்களிடம்தான் போக வேண்டும். உள்ளே தட்டைத் தொட வேண்டியிருந்தால் தூசியில்லாத அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பார்த்துச் சொல்ல எவ்வளவு, கோப்பு கிடைக்காவிட்டால் எவ்வளவு, இரண்டையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். செலவு ஆயிரங்களில் தொடங்கும், புது லேப்டாப் விலையையும் தொடலாம். போகும்வரை அந்த டிஸ்கை ஆன் செய்யாதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று சொல்வதைக் கேட்டு வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் வெக்கைக்கு உள்ளே ஈரம் பூத்து, இருந்ததும் போகும். மெத்தென்ற துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள்.